இதுக்கு யார் கையெழுத்து போடணும்?

ரெண்டு நாளா மனசு ஆறல. எழுதினாத்தான் தூக்கம் வரும் போல இருக்கு.

எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் ஒரு படம் போட்டாரு. மேல, பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குற கரிசக்காடு. கீழ, "மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஓட்டுப் போட்ட ஜனங்களுக்குத் தண்ணி கேக்க என்ன தகுதி?"ன்னு கொட்டை எழுத்துல. போட்டவரு நம்ம பக்கத்து ஆளுதான். இப்ப சென்னையில நல்ல வேலையில இருக்காரு. கீழ வரிசையா கைதட்டுற பொம்மைங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

மொத விஷயம், கரிசல் மண்ணு வெடிக்கிறது அதோட குணம். கோடையில வெடிக்கும். ஐப்பசி மழை பெஞ்சா ஊறி உப்பி வாயை மூடிக்கிடும். அந்த மண்ணுல பொறந்தவரே அதைப் போட்டோ புடிச்சு ஜனங்களைத் திட்டப் பயன்படுத்தலாமா?

ரெண்டாவது, அந்த "மிக்ஸிக்கு ஓட்டுப் போட்ட ஜனங்க"ள்ல எங்க அம்மாவும் ஒரு ஆளு.

எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவ. (வெளியூர்க்காரங்களுக்கு: கோவில்பட்டியில தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ்னுதான் பேரு.) காலையில ஏழரைக்கு வேன் வந்துரும். அதுக்குள்ள சமைச்சு, தூக்குல அடைச்சு, எங்களைக் கெளப்பி விட்டுட்டு ஓடணும். 2011 தேர்தல்ல ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் தாரேன்னு சொன்னாங்க. சொன்ன மாதிரியே வந்துச்சு. அந்த மிக்ஸி வந்த பெறவுதான் விடியக்காலம் அம்மியில குனியுறது நின்னுச்சு. ஜெயலலிதா படம் ஒட்டுன அந்த மிக்ஸி இன்னைக்கும் எங்க அடுப்படியில ஓடுது. ஜார் ரப்பர் மாத்தியாச்சு, பிளேடு மாத்தியாச்சு, மோட்டார் அப்படியே இருக்கு.

விடியக்காலம் அரை மணி நேரம் கூடுதலாத் தூங்கக் கெடைச்ச ஒரு பொம்பளையப் பாத்து "நீ விலை போயிட்ட"ன்னு சொல்ல யாருக்குங்க உரிமை இருக்கு?

குரூப்ல சண்டை போட விருப்பம் இல்ல. (நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல முகத்துல முழிக்கணும்.) அதனால அம்மாகிட்டயே போய்க் கேட்டேன்.

"யம்மா, 2006-ல கலர் டிவி, ரெண்டு ரூவா அரிசி, நிலமில்லாதவங்களுக்கு ரெண்டு ஏக்கர்னு கலைஞர் சொன்னாருல்ல. நம்பித்தான் போட்டியா?"

"அரிசி வரும்னு தெரியும். டிவி வந்தா பாப்போம்னு இருந்தேன்."

"ரெண்டு ஏக்கர்?"

"அது வராதுன்னு அப்பவே தெரியும்லே. அம்புட்டு நிலம் ஊர்ல எங்கன கெடக்கு?"

அவ்வளவுதான். அரசியல் விமர்சகருங்க மணிக்கணக்கா டிவியில பேசுறதை எங்க அம்மா மூணு வரியில முடிச்சிட்டா. அரிசி 2006 ஜூன்லயே ரெண்டு ரூபாய்க்கு வந்துச்சு, 2008-ல ஒரு ரூபாய் ஆச்சு. டிவி வந்துச்சு. நிலம் கொஞ்சப் பேருக்குப் பட்டாவா வந்துச்சு, ஆனா சொன்ன அளவுக்குக் கொடுக்கத் தரிசு இல்ல. மூணையும் அவ முன்னாடியே சரியாக் கணக்குப் போட்டு வச்சிருந்தா.

கமிஷன் கடைக்கு உளுந்து கொண்டுபோனா, மூட்டையில கையை விட்டு அள்ளிப் பாத்துட்டு, தூசி இவ்வளவு ஈரம் இவ்வளவுன்னு கழிவு போட்டுத்தான் விலை சொல்லுவாங்க. எங்க பக்கத்து ஜனங்க வாக்குறுதிக்கும் அப்படித்தான் கழிவு போடுதாங்க. கழிச்சது போக மிச்சம் எவ்வளவு தேறும்னு பாத்துத்தான் ஓட்டு.

இது எங்க அம்மா ஒருத்தியோட சாமர்த்தியம்னு நெனச்சிராதீங்க. 2021-ஐ எடுத்துக்கோங்க. மார்ச் 7-ஆம் தேதி திருச்சியில ஸ்டாலின், குடும்பத் தலைவிக்கு மாசம் 1,000 ரூபாய்னாரு. மறுநாளே எடப்பாடி பழனிசாமி 1,500 ரூபாய், வருஷத்துக்கு ஆறு சிலிண்டர்னாரு. பெறவு தேர்தல் அறிக்கையில வாஷிங் மெஷின் வேற. அதுக்கு முந்தின மாசம்தான் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செஞ்சிருந்தாரு. அது வெறும் வாக்குறுதி கூட இல்ல, ஆட்சியில இருந்துக்கிட்டே செஞ்சது. ஜெயிச்சது யாரு? கம்மியாச் சொன்னவரு! பேராசையில ஓட்டுப் போடுற ஜனமா இருந்தா 1,500 தானே ஜெயிச்சிருக்கணும்? (எங்க கோவில்பட்டியில மட்டும் அதிமுக கடம்பூர் ராஜு ஜெயிச்சாரு, டி.டி.வி. தினகரனைத் தோக்கடிச்சு. அது வேற கணக்கு.)

அதே 2021-ல மதுரை தெற்குல துலாம் சரவணன்னு ஒரு சுயேச்சை நின்னாரு. வீட்டுக்கு ஒரு கோடி ரூபாய், குட்டி ஹெலிகாப்டர், நிலாவுக்குச் சுற்றுலா, வீட்டு வேலைக்கு ரோபோ, ஊர் குளிர்றதுக்குப் பனிமலைன்னு அறிக்கை விட்டாரு. இலவச அரசியலுக்கு எதிரா விழிப்புணர்வுக்காகத்தான் நிக்கேன்னு அவரே சொன்னாரு. யாரும் அவரை ஜெயிக்க வைக்கல. நடக்காததைச் சொன்னா ஜனங்க ஓட்டுப் போடுவாங்கன்னா, இந்திய வரலாற்றுலயே பெரிய வித்தியாசத்துல அவர்தான் ஜெயிச்சிருக்கணும்.

இன்னொரு கணக்கு சொல்லுதேன். 1967-ல இருந்து 2001 வரைக்கும் கோவில்பட்டித் தொகுதிக்கு நடந்த 9 பொதுத் தேர்தல்ல 7 தடவை ஜெயிச்சது இந்தியக் கம்யூனிஸ்ட். அதுல அஞ்சு தடவை சோ. அழகர்சாமி. கூட்டணி பலம் உண்டு, அதை மறைக்கல. ஆனாலும் யோசிச்சுப் பாருங்க. அந்தக் கட்சி கோட்டையில ஆட்சிக்கு வரப்போறதில்லன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த எம்.எல்.ஏ. மந்திரி ஆகப்போறதில்ல, டிவி தரப்போறதில்ல. நம்ம கூட வந்து நிப்பாரு, தாலுகா ஆபீஸ்ல நமக்காகப் பேசுவாரு. அதுக்காக ஓட்டுப் போட்ட ஊருங்க இது. இந்த ஜனத்தைப் போய் ஏமாளிங்கறீங்க.

சரி. ஜனங்க ஏமாளி இல்லன்னா, நடக்காத வாக்குறுதி ஏன் தேர்தலுக்குத் தேர்தல் வருது?

இங்கதான் எனக்கு உண்மையான கோவம்.

பம்பை – அச்சன்கோவில் – வைப்பாறு இணைப்பு. இந்தப் பேரைக் கேக்காம கரிசக்காட்டுல யாரும் வளந்திருக்க முடியாது. கேரளாவுல பம்பை, அச்சன்கோவில் ஆறுகள்ல ஓடுற தண்ணியில ஒரு பங்கை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைஞ்சு, செங்கோட்டைப் பக்கம் மேக்கரை வழியா இந்தப் பக்கம் திருப்பி, வைப்பாற்று வடிநிலத்துக்குக் கொண்டுவர்ற திட்டம். தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-லயே சாத்தியக்கூறு அறிக்கை கொடுத்திருச்சு. வருஷத்துக்கு 634 மில்லியன் கனமீட்டர், அதாவது 22 டி.எம்.சி.க்குப் பக்கத்துல. 91,400 ஹெக்டேருக்குப் பாசனம். தென்காசி, சங்கரன்கோவில், ராஜபாளையம், சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம்னு அத்தனை வானம் பாத்த பூமிக்கும் தண்ணி.

படிக்கும்போதே மனசு குளுந்து போகுதுல்ல? எனக்கும்தான். சின்ன வயசுல பட்டணம் போற பஸ்ஸுல சாத்தூர்ப் பாலத்துல போறப்ப, கீழ மணலும் வேலிக்கருவையுமா கெடக்குற வைப்பாத்தைப் பாத்து, இதுல என்னைக்காச்சும் தண்ணி ஓடும்னு எங்க சின்னையா சொல்லுவாரு. அவரு நல்ல மனுஷன். மேடையில கேட்டதைச் சொன்னாரு.

கேரளா இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல. அந்த ஆறுகள்ல மிச்சத் தண்ணியே இல்ல, எடுத்தா வேம்பநாட்டுக் காயல் உப்பாகிரும், குட்டநாடு கெட்டுரும்னு சொல்லுது. சட்டசபையில தீர்மானமே போட்டிருக்கு. அவங்க கவலை நியாயமா இல்லையாங்கறது தனியாப் பேசவேண்டியது. என் கேள்வி அது இல்ல. அந்தக் கையெழுத்து திருவனந்தபுரத்துல கெடக்கு. இங்க நின்னு ஓட்டுக் கேக்குறவரு கையில பேனாவே இல்ல.

இதை வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வாரவங்ககிட்டயே கேட்டுப் பாக்கணும்னு ஒரு தேர்தல்ல ஆரம்பிச்சேன்.

மொதல்ல, "பம்பைத் தண்ணி வருமா?"ன்னு கேட்டேன். எல்லாக் கட்சிக்காரங்களும் ஒரே பதில்தான். "கண்டிப்பா அண்ணாச்சி!"

கேள்வி சரியில்லன்னு மாத்தி, "எப்ப வரும்?"னு கேட்டேன். "நம்ம ஆட்சி வந்ததும் மொத வேலை அதுதான்." இதுவும் உதவல.

பெறவு இப்படிக் கேட்டேன். "தம்பி, இதுக்கு யார் கையெழுத்து போடணும்?"

நோட்டீஸ் கட்டு வச்சிருந்த பையன் முழிச்சான். பின்னால துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்ன பெரியவரு, கட்சியில ரொம்ப காலமா இருக்கவரு, முன்னால வந்தாரு.

"கேரளா போடணும். போட மாட்டான்."

"பெறவு ஏன் நோட்டீஸ்ல போட்டிருக்கீக?"

"அந்தக் கட்சி நோட்டீஸ்லயும் இருக்குல்லா. நாங்க மட்டும் விட்டோம்னா, இவன் தண்ணிக்கு எதிரின்னு மைக் கட்டிப் பேசிருவான். யாரு மொதல்ல எடுக்கது?"

அந்தப் பெரியவரை நான் கும்பிடுதேன். நான் படிச்ச எந்தக் கட்டுரையிலயும் இவ்வளவு தெளிவான பதில் கெடைச்சதில்ல. பொய் சொல்லணும்னு யாரும் திட்டம் போடல. சொல்லாம விட்டா தண்டனை, சொல்லிட்டுச் செய்யாம விட்டா தண்டனை இல்ல. அப்ப யாருதான் எடுப்பா?

தண்டனை எவ்வளவு பக்கத்துல இருக்குன்னும் பாருங்க. 2016-ல கோவில்பட்டியில கடம்பூர் ராஜு ஜெயிச்சது 428 ஓட்டுல. நாலு தெரு ஓட்டு. 1967-ல விருதுநகர்ல காமராஜரே, மாணவர் தலைவரா இருந்த பெ. சீனிவாசன்கிட்ட 1,285 ஓட்டுல தோத்தாரு. அந்தத் தேர்தல்லதான் ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு திமுக சொன்னது. ஜெயிச்சு வந்து சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ஒரு படி போட்டாங்க. மாநிலம் முழுக்க விரிக்க முடியல, காசு இடம் கொடுக்கல. இப்படி 428-லயும் 1,285-லயும் தலையெழுத்து மாறும்னா, எந்த வேட்பாளரு மேடையேறி "பம்பைத் தண்ணி என் கையில இல்ல"ன்னு சொல்லுவாரு?

சட்டம் கேக்காதான்னு கேப்பீங்க. கேட்டுப் பாத்தாச்சு. திமுகவோட கலர் டிவியையும் அதிமுகவோட மிக்ஸி கிரைண்டரையும் எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜிங்கறவரு போட்ட வழக்குல, 2013 ஜூலை 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில சொல்ற வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆவது பிரிவுல வர்ற முறைகேடு ஆகாதுன்னு. ஆனா தேர்தல் ஆணையம் ஒரு நெறிமுறை வகுக்கணும்னாங்க. ஆணையமும் 2014-ல நடத்தை விதியில சேத்தது: வாக்குறுதிக்குக் காரணம் சொல்லணும், பணத்துக்கு வழி பொதுவாவாச்சும் காட்டணும், நிறைவேத்த முடியிறதை மட்டும் சொல்லி நம்பிக்கை கேக்கணும். நல்ல விதிதான். மீறினா என்ன? நான் பாத்தவரைக்கும் ஒண்ணும் இல்ல.

இது நம்ம ஊரு நோயும் இல்ல. 2016-ல பிரிட்டன்ல, ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வரணும்னவங்க ஒரு சிவப்பு பஸ்ஸுல, "வாரம் 350 மில்லியன் பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புறோம், அதை நம்ம ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்போம்"கற மாதிரி எழுதி நாடு பூரா ஓட்டுனாங்க. அந்தத் தொகையே தப்புன்னு அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் சொல்லியும் பஸ் நிக்கல. பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிச்ச பிரச்சாரக் குழு கஜானாவைக் கையில வச்சிருக்கல. கையெழுத்துப் போடுற இடத்துல இல்லாதவங்க சொன்ன வாக்குறுதி அது.

இந்தக் கையெழுத்துக் கேள்வியை வச்சுப் பாத்தா எல்லாம் தெளிவா பிரிஞ்சுருது.

முதலமைச்சர் கையெழுத்துப் போதும்னா, காசும் இருந்தா, தமிழ்நாட்டுல பெரும்பாலும் நடந்திருக்கு. மிக்ஸி, அரிசி, 2016-ல 100 யூனிட் கரண்ட், 2021-ல பொம்பளைங்களுக்கு டவுன் பஸ். அதே 2016-ல சொன்ன ரேஷன் கார்டுக்கு ஒரு செல்போன் மட்டும் வரல. அதுக்குக் கையெழுத்து இங்கதான் இருந்துச்சு, போடல. அதை யாரும் தொடர்ந்து கேக்கவும் இல்ல.

டெல்லி கையெழுத்து வேணும்னா சந்தேகம். நீட் விலக்கு மசோதாவை 2021 செப்டம்பர்ல ஒரு தடவையும் 2022 பிப்ரவரியில ஒரு தடவையும் சட்டசபை நிறைவேத்தியும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கெடைக்கல. ஆனா கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா சிலது திறக்கும். சீனா பிளாஸ்டிக் லைட்டரால எங்க தீப்பெட்டித் தொழில் நசுங்கிக்கிட்டு இருந்தப்ப, இங்க உள்ள சங்கங்க விடாம மனு கொடுத்து, 2023 ஜூன் மாசம் 20 ரூபாய்க்குக் கீழ உள்ள லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது.

பக்கத்து மாநிலக் கையெழுத்து வேணும்னா, முப்பது வருஷம் ஆகியும் பம்பை பேப்பர்லயே ஓடுது. நம்ம மாநிலத்துக்குள்ளேயே முடியிற தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பையும் பாருங்க. 369 கோடியில 2009-ல தொடங்குனது, வெள்ளத் தண்ணி ஓடிப் பாக்கப் பதினஞ்சு வருஷத்துக்குக் கிட்ட ஆச்சு. எங்க ஊருக்குச் சீவலப்பேரி ரெண்டாவது பைப்லைனும் அப்படித்தான், கேட்டுக் கேட்டு வாய் வலிச்ச பெறவு வந்துச்சு. லேட்டு. ஆனா வந்துச்சு. கையெழுத்து இங்க இருந்துச்சு, அதான்.

நடந்ததுலயும் ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லணும். மேடையில "எல்லாருக்கும்"னு கேக்கும். அரசாணையில நிபந்தனை வரும். அஞ்சு பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடின்னு நம்பி நகையை வச்சவங்க எத்தனை பேரு! கணக்கெடுத்த 48 லட்சத்துச் சொச்சம் கடன்ல 35 லட்சத்துக்கு மேல தகுதி இல்லன்னு வந்துச்சு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல தொடங்குச்சு. ஒரு கோடிப் பேருக்கு மேல வாங்குதாங்க, 2024–25-க்கு மட்டும் 13,720 கோடி ஒதுக்குனாங்க. பெரிய காரியம், நான் மதிக்கேன். ஆனா பத்து ஏக்கருக்கு மேல புஞ்சை இருந்தா கெடையாதுங்கறது விதி. ஆத்துப் பாசனக்காரங்களுக்குப் பத்து ஏக்கர் பெரிய சொத்து. கரிசல் மானாவாரியில? பன்னெண்டு ஏக்கர் வச்சிருந்தும் களை எடுக்கிறதுக்கு வட்டிக்கு வாங்குற மதினி ஒருத்தி எங்க தெருவுலயே இருக்கா. மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்த வருஷம் கழுத்துல கெடந்ததைக் கழட்டி வச்சா, இன்னும் திருப்பல. அவளுக்கு மாசம் ஆயிரம் இல்ல. இந்த விதியை எழுதுனவங்க கரிசலை மனசுல வச்சு எழுதல. இதைத் திருத்தணும். திருத்துற கையெழுத்து சென்னையிலதான் இருக்கு.

"அப்ப பெருசா எதுவுமே கேக்கக் கூடாதா? சின்னச் சின்னதாத்தான் ஆசைப்படணுமா?"ன்னு எனக்கு நானே கேட்டுப் பாத்தேன்.

அப்படி இல்லவே இல்ல. எட்டயபுரம் எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரம். 1956-ல அங்கதான் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சாரு. காசுக்கு எங்க போறதுன்னு அன்னைக்கும் கேட்டாங்க. இன்னைக்கு அதை இலவசம்னு யாராச்சும் ஏசுவாங்களா? 1970-ல கோயம்புத்தூர் விவசாயிங்க நாராயணசாமி நாயுடு தலைமையில, யூனிட்டுக்கு ஒரு பைசா குறைன்னு போராடி, துப்பாக்கிச் சூட்டுல உயிரையும் கொடுத்தாங்க. இருவது வருஷத்துல பம்புசெட் கரண்டே எல்லா விவசாயிக்கும் இலவசம் ஆயிருச்சு. அந்த நாராயணசாமி நாயுடு கண்ணை மூடுனது எங்க கோவில்பட்டியிலதான், 1984 டிசம்பர்ல, தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த இடத்துல. பெருசாக் கேட்டதுனால கெடைச்சதுங்க இது. ரெண்டுலயும் ஒரு ஒத்துமை: கையெழுத்து கோட்டையில இருந்துச்சு, அதை விடாம உலுக்குனாங்க.

கைக்கு எட்டாத கையெழுத்தைக் காட்டிக் காட்டி, எட்டுற கையெழுத்தை மறக்கடிக்கிறதுதான் எனக்கு ஆத்திரம். பம்பை பம்பைன்னு மேடையில முழங்குற நேரத்துல, உள்ளூர்க் கம்மாய் மடை உடைஞ்சு கெடக்குறதை யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஐப்பசியில பெய்யுற மழை கண்ணு முன்னாலயே ஓடையில போய்ச் சேருது.

எட்டுற கையெழுத்து எவ்வளவு வேலை செய்யும்னு ஒரே ஒரு உதாரணம். கம்மாய்ல கரம்பை மண்ணு அள்ள முன்னாடி கலெக்டர் வரைக்கும் போகணும். வெள்ளாமைக்காரன் ஒரு வேலை நாளைக் கெடுத்துக்கிட்டு தூத்துக்குடிக்குப் போய் வரிசையில நிக்கணும். 2024-ல தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம்னு மாத்துனாங்க. ஒரு பைசா இலவசம் இல்ல, மலையைக் குடையல. கையெழுத்து ஒரு மேசையில இருந்து இன்னொரு மேசைக்கு வந்துச்சு. காடும் வளமாச்சு, கம்மாயும் ஆழமாச்சு.

அதனால என் பட்டியல் இது. எங்க பக்கத்துக்கு யாரு வந்தாலும் கேக்கப் போறது:

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷம் 3 கோடி. அதுல எந்தெந்தக் கம்மாய் மடை, எந்த வருஷம்? ஊர்ப் பேரோட சொல்லுங்க.

பயிர்க் காப்பீட்டுக்கு அறுவடைப் பரிசோதனை நடத்துறாங்கள்ல, அதோட முடிவைக் கிராம சபையில வாசிச்சு, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்ட வைப்பீங்களா? பக்கத்து ஊருக்கு உளுந்துக்குப் பணம் வந்து நம்ம ஊருக்கு ஏன் வரலன்னு தெரியாமலே அடங்கலைக் கையில வச்சுக்கிட்டு அலையுறோம்.

உரிமைத் தொகையில மானாவாரி நிலத்துக்குத் தனி வரம்பு கேட்டுச் சட்டசபையில பேசுவீங்களா?

1901-ல இருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் எங்க ஊர்லயே இருக்கு. பருத்தியும் சோளமும் மானாவாரிக்குன்னே அங்க உருவாக்குதாங்க. அந்த விதை புரட்டாசிப் பட்டத்துக்கு முன்னாடி கைக்கு வர என்ன செய்வீங்க?

பம்பைக்கு? அதையும் கேப்பேன். "கொண்டு வருவேன்"ங்கற பதில் வேண்டாம். கேரளாகிட்ட எப்ப, யாரு, என்ன பேசுவீங்க, பதிலுக்கு நம்ம என்ன கொடுக்கத் தயார்? இதைச் சொல்லுங்க போதும்.

நாம செய்ய வேண்டிய பங்கும் ஒண்ணு இருக்கு. அந்தத் துண்டுப் பெரியவரு கேட்டாரே, யாரு மொதல்ல எடுக்கதுன்னு. எடுக்கவனை நாம தோக்கடிக்கக் கூடாது. "இது என் கையில இல்ல. இது இருக்கு, இந்த வருஷத்துக்குள்ள முடிப்பேன்"னு ஒருத்தர் மைக்ல சொன்னாருன்னா, எந்தக் கட்சியா இருந்தாலும் எங்க வீட்டு ஓட்டு அவருக்குத்தான். 428 ஓட்டுல எம்.எல்.ஏ. ஆகுற தொகுதி இது. எங்க தெருவும் பக்கத்துத் தெருவும் ஒத்து நின்னாலே உண்மை பேசுறவரு ஜெயிச்சிருவாரு.